லேபிள் ஒட்டாத பாட்டில்

பத்து வயதில் என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் அப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார் என்பதுதான் அது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் வேறு யாருடைய அப்பாவும் ஒரு சொட்டுக் கொடுத்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, அதற்கு சர்க்கார் கொடுத்த டிரான்சிஸ்டரோடு வந்து இறங்கியதைத்தான் தெருவின் ஆகப் பெரிய தியாகமாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய தியாகம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. ஆனால் சொல்லக் கூடாது. அம்மாவின் உத்தரவு.

“மில்லுல தெரிஞ்சிது, தறியவுட்டு எறக்கிடுவாங்கடி. எங்கனா வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

தறி என்ன பஸ்ஸா, இறக்கிவிட? தானம் கொடுப்பவரை எதற்கு இறக்குவார்கள்? பெரியவர்களின் பயங்கள் பலவற்றையும்போல இதுவும் காரணமில்லாதது என்று எடுத்துக்கொண்டு, நான் வாயை மூடியிருந்தேன்.

அப்பாவின் முகம் சிவப்பு. மாநிறமான கை கால்களுக்கு மேலே, வேறு யாருடைய முகத்தையோ எடுத்து வைத்தது போலச் சிவந்திருக்கும். கண்ணும் அப்படியே. புதுச்சேரியில் ஒரு மனிதரின் முகம் அப்படிச் சிவந்திருந்தால் ஊர் அதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் கண்டுபிடிக்கும். மில்லில் அவர் பெயர் தக்காளி. ‘தக்காளி, நேத்து எத்தினி ரவுண்டு?’ என்று கேட்பார்கள். வாழ்நாளில் ஒரு மடக்குக்கூடக் குடித்தறியாதவர், சிரித்துவிட்டுப் போய்விடுவார். குடிகாரன் என்ற பெயரால் வேலைக்கு ஆபத்தில்லை, வியாதிக்காரன் என்ற பெயரால்தான் ஆபத்து என்று அவர் கணக்குப் போட்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்?

வியாதி இதுதான்: உடம்பு தேவைக்கு மேல் ரத்த அணுக்களைச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்தம் கெட்டியாகும். கெட்டியானால் காலிலோ நெஞ்சிலோ மூளையிலோ உறைந்து அடைத்துக்கொள்ளும். சரி, அவ்வளவு கெட்டியான ரத்தம், காயம் பட்டால் நொடியில் நின்றுவிட வேண்டுமல்லவா? நிற்காது! இன்று பரிசோதனைக்கூடப் படிப்பில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் எனக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். “அடைக்கக் கூடாத எடத்துல அடைக்கும்மா, அடைக்க வேண்டிய எடத்துல அடைக்காது.” அம்மா அதைக் கேட்டுவிட்டு, “எங்க மாமியார் வீட்டு ஜனங்க மாதிரின்னு சொல்லுங்க” என்றாள். டாக்டர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

சிரித்துவிட்டு வந்தாளே தவிர, அன்றிலிருந்து வீட்டில் அம்மாவின் சட்டம் நடந்தது. அப்பா மீன் ஆயக் கூடாது. வெறுங்காலோடு கொல்லைக்குக்கூடப் போகக் கூடாது. முகச்சவரம் வாரம் ஒருமுறை, அதுவும் அம்மா படிகாரத்தோடு பக்கத்தில் நிற்கும்போது. சம்மணம் போட்டு அரைமணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் நான் போய் எழுப்ப வேண்டும். மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர். டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதியாக உடைத்துத்தான் போட வேண்டும். தலைவலி என்று பெட்டிக்கடையில் வேறு மாத்திரை வாங்கினால் வீட்டில் சோறு கிடையாது. காலையில் அவர் கொல்லையிலிருந்து வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “கறுப்பாப் போச்சா?” வயிற்றுக்குள் கசிந்தால் அப்படித்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே “இல்லடி” என்பார். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல அரிக்கும். துண்டால் துடைக்காமல், ஈரம் தானாக உலரும்வரை கைகளை விரித்து முற்றத்தில் நிற்பார். பறக்கப் போகிறவர் மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு அப்பாவுடன் போவது நான்தான். அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம். எனக்கோ ஊசியைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்த அறையில் நாலு கட்டில். தானம் கொடுக்க வந்தவர்களும் அப்பாவும் ஒரே வரிசையில் படுத்திருப்பார்கள். ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி ரப்பர் குழாய், கீழே ஒரே மாதிரி கண்ணாடி பாட்டில். முடிந்ததும் எல்லோருக்கும் காபி, இரண்டு பிஸ்கட். அப்பாவின் பிஸ்கட் எனக்கு. இதையெல்லாம் பார்த்த புத்திசாலிப் பெண் என்ன முடிவுக்கு வருவாள்? அப்பாவுக்கு ரத்தம் அதிகம். இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார். ஒரே ஒரு வித்தியாசத்தையும் கவனித்திருந்தேன். மற்ற பாட்டில்களில் நர்ஸ் லேபிள் ஒட்டுவாள். அப்பாவுடையதில் ஒட்ட மாட்டாள், தனியாக உள்ளே எடுத்துப் போவாள். விசேஷமான ரத்தம், முதலில் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. அரைநாள் பள்ளிக்கூடம். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் செங்கேணி, காலையிலிருந்து சிலேட்டைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். வீராம்பட்டினத்துப் பெண், தினமும் பஸ்ஸில் வருவாள், வகுப்பில் யாருக்கும் பயப்படாதவள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. விசாரித்தேன். அவள் அம்மாவுக்கு முந்தின நாள் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏற்றிவிட்டார்கள். இன்னும் மூன்று பாட்டில் வேண்டும், சாயங்காலத்துக்குள் ஆள் கூட்டிவா என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய ரத்தம் சேரவில்லை. அவள் மாமன்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, ரத்தம் கொடுத்தால் கட்டுமரத்தில் கால் நிற்காது என்று யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

“சூறைக் காத்துல கடலுக்குப் போவாங்கடி. ஊசிக்கி ஓடிட்டாங்க” என்றாள் செங்கேணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இரண்டு வருஷம் காத்த ரகசியம் ஒரு நொடியில் வெளியே குதித்தது. “அழாத. எங்கப்பா குடுப்பாரு. அவருக்கு அதுதான் வேலையே!”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக மில்லையே விற்கலாம் என்று தோன்றியது. மணி அடித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த வாரம் அப்பாவுக்கு இரவு ஷிப்ட்; வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

“பாவி, சொல்லிட்டியா? எத்தினி பேரண்ட சொன்ன?”

“இவகிட்ட மட்டுந்தான்மா.”

அப்பா அம்மாவைக் கையமர்த்திவிட்டு, செங்கேணியை உட்காரச் சொன்னார். ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, என் ரத்தம் யாருக்கும் ஆவாதுடா” என்றார்.

“இத்தினி நாளு குடுத்தியேப்பா?”

“குடுக்கல. எடுத்தாங்க. எடுத்தாத்தான் நான் இருப்பேன். எடுத்துட்டுக் கீழ ஊத்திடுவாங்க.”

கீழே. அதாவது தொட்டியில். லேபிள் ஒட்டாத பாட்டில் எங்கே போனது என்று ஒரே சமயத்தில் எனக்குப் புரிந்தது, செங்கேணிக்கும் புரிந்தது. அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, “பரவால்ல மாமா, நான் போறேன்” என்றாள். பத்து வயதுப் பெண் பெரிய மனுஷிபோல அப்படிச் சொன்னதுதான் என்னை அழவைத்தது. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

அப்பா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்; காலை ஷிப்ட் வெளியே வரும்.

“இரு கண்ணு” என்று செங்கேணியிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குப் புரியும் முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கதவை மறித்து நின்றாள்.

“வேணாங்க. வேற யாராவது கெடைப்பாங்க.”

“யாரு?”

அம்மா செங்கேணியைப் பார்த்தாள். கதவைவிட்டு நகர்ந்தாள். “செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க. தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள். அவளால் முடிந்த ஆசீர்வாதம் அது.

சைக்கிளில் முன்கம்பியில் நான், பின்னால் கேரியரில் செங்கேணி. மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் பஞ்சுத்தூள் ஒட்டிய ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள்.

“டேய், தக்காளிடா! நைட் ஷிப்டுக்கு இப்பவே வந்துட்டியா? ரவுண்டு ஏறிப் போச்சா?”

அப்பா கூச்சக்காரர். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் கடைசியாக உட்காருகிறவர். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்த கல்மேல் ஏறி நின்றார். இருமிவிட்டு விஷயத்தைச் சொன்னார்: இந்தப் புள்ள அம்மா ஆஸ்பத்திரியில் கெடக்கு, மூணு பாட்டில் வேணும், ஒரு பத்துப் பேர் வந்தா மூணு பேரோடதாவது சேரும்.

சிரிப்பு நின்றது. அப்புறம் ஒவ்வொருவராகக் காரணங்கள் கிளம்பின. ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஒருவருக்கு நாளைக்கு மச்சினி கல்யாணம். “குடுக்கலாம்பா, ஆனா அப்பறம் நாலு தறி ஓட்ட உடம்புல என்னா இருக்கும்?” என்றார் ஒரு மீசைக்காரர். அது எல்லோருக்கும் பிடித்த காரணமாக இருந்தது. ஆமாம் ஆமாம் என்றார்கள்.

தறிப் பகுதி மேஸ்திரி அப்போதுதான் வாசலுக்கு வந்து நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். அப்பா பார்த்ததை நானும் பார்த்தேன். மேஸ்திரி உள்ளே போய்விடுவார் என்று எதிர்பார்த்ததுபோல அப்பா ஒரு கணம் நின்றார். மேஸ்திரி போகவில்லை. அப்பா இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

“இங்க பாருங்க. எத்தினி குத்துன்னு எண்ணுங்க.”

முழங்கை மடிப்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

“எனக்கு ரத்தத்துல வியாதி. குடிச்சி செவக்கல மூஞ்சி, வியாதியில செவந்துது. ரெண்டு மாசத்துக்கு ஒரு பாட்டில் எடுக்கலன்னா அடைச்சிக்கினு செத்துடுவேன். ரெண்டு வருசமா எடுக்குறாங்க. எடுத்து சாக்கடையில ஊத்துறாங்க. அடுத்த நாளு நான் தறிக்கு வரேன். உங்ககூட நாலு தறி ஓட்டறனா இல்லியா?” மீசைக்காரரைப் பார்த்துத் திரும்பினார். “யோவ், போன மாசம் உன்னவிட அதிகமா துணி எறக்குனனா இல்லியா? ஊத்திக் கொட்டுற எனக்கே ஒண்ணும் ஆவல. ஒரு பாட்டில் ஒரு உசுருக்குக் குடுக்கற உனக்கு என்னாய்யா ஆவும்?”

மேஸ்திரி மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மீசைக்காரர்தான் முதலில் நகர்ந்தார். “துணி எறக்குனது வாஸ்தவந்தான்” என்று முனகிக்கொண்டே தன் சைக்கிளை எடுத்தார். “சாப்பிட்டுட்டு வரலாமா, அப்படியே வரணுமா?” என்றார் இன்னொருவர். மச்சினி கல்யாணக்காரரும் வந்தார். பதினோரு சைக்கிள்கள். அவற்றுக்கு முன்னால் எங்களுடையது. ரயில்வே கேட் திறந்திருந்தது. கேட் மூடியிருந்தாலும் அன்றைக்கு எங்களுக்காகத் திறந்திருப்பார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மணியை நான்தான் அடித்தேன், ஆஸ்பத்திரி வரைக்கும் விடாமல். வழியில் அப்பா இரண்டுமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். எனக்கு அந்தத் தாமதம்கூடப் பொறுக்கவில்லை.

பதினோரு பேரில் நாலு பேருடையது சேர்ந்தது. மூன்று பாட்டில் செங்கேணியின் அம்மாவுக்கு. மற்றவர்களும் வந்தது வந்தோம் என்று ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மீசைக்காரருக்கு ஊசியைப் பார்த்ததும் மயக்கம் வந்து, அப்பா அவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு உரிமையாளர் ஒரு பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அம்மா சொல்லிக் கேள்விப்பட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வயதாகிவிட்டது, எடுக்க முடியாது என்று நர்ஸ் திருப்பி அனுப்பியதும் வராந்தாவே அதிரக் கத்தினார். “பிரான்சுக்குக் குடுத்த ரத்தம்டி இது! வீராம்பட்டினத்துக்கு ஆவாதா?” கடைசியில் அவருக்கும் காபி பிஸ்கட் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள்.

இருட்டுவதற்குள் செங்கேணி வராந்தாவுக்கு ஓடிவந்தாள். உதிரம் நின்றுவிட்டது. அவள் அம்மா கண்ணைத் திறந்து, பிள்ளை பால் குடித்தானா என்று கேட்டாளாம். செங்கேணியின் அப்பா என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கையை விடாமல் அப்படியே நின்றார்கள்.

திங்கட்கிழமை நான் வகுப்பில் ராணி. எங்கப்பா ஒரு பேச்சுப் பேசினார், பதினோரு பேர் பின்னாலேயே வந்தார்கள் என்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு பெஞ்சிலும் சைக்கிள்களின் எண்ணிக்கை கூடியது.

அடுத்த மாதம் அப்பாவுக்கு மில்லில் வேலை மாறியது. தறியில் நூலோடு குறுக்கே ஓடும் மரக்கட்டையான நாடா சில சமயம் தெறித்து வெளியே பறக்கும். ஆள்மேல் பட்டால் மண்டையே உடையும். வியாதியை விசாரித்துத் தெரிந்துகொண்டு, ரத்தம் நிற்காத ஆளை அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மேஸ்திரி கெட்டவரில்லை. வீட்டுக்கே வந்து அம்மாவிடம், “கூடப் பொறந்தவனா இருந்தாலும் இதத்தாம்மா செய்வேன்” என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அப்பாவை வாசலில் காவலுக்குப் போட்டார்கள்.

காக்கிச் சட்டை! இடுப்பில் பெல்ட்! கழுத்தில் விசில்! பதவி உயர்வு என்றுதான் நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் செய்ததற்குப் பரிசு. இல்லாவிட்டால் எதற்கு உடுப்பெல்லாம் கொடுக்கிறார்கள்? காவலுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அப்பா அதில் உட்காரவே மாட்டார். இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்தால் காலில் உறைந்துவிடுமே என்பதை நான் யோசிக்கவில்லை. பட்டாளத்துக்காரர் மாதிரி எவ்வளவு கம்பீரமாக ரோந்து போகிறார் என்று செங்கேணியிடம் காட்டினேன். ஷிப்ட் விட்டு வெளியே வருகிறவர்கள் யாரும் தக்காளி என்று கூப்பிடவில்லை. “வரேன்ணே” என்றார்கள். அதிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வாரம், சாப்பாட்டுக் கேரியரோடு நான் தனியாகப் போனேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டி, மூடிய பெரிய கதவுக்கு அருகில் நின்றிருந்தார். உள்ளேயிருந்து நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது ஒரே சத்தம், மழை பெய்வதுபோல. நான் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தேன்.

“அப்பா!”

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணாவது தறி நின்னுடுச்சி” என்றார், என்னிடம் இல்லை. “நூலு அந்துடுச்சி. புதுப் பையன் இன்னும் பாக்கல.”

“என்னாப்பா?”

திரும்பாமலே, பேசாதே என்பதாக ஒரு கையை உயர்த்தினார். அது அப்படியே கொஞ்ச நேரம் நெற்றிக்கு நேராக நின்றது. அவர் எனக்குப் பதில் சல்யூட் அடிக்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் விறைப்பாக நிமிர்ந்து நின்றேன்.